நண்பரின் கணினி பழுதா? கைவைப்பதற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்களுக்குக் கணினி பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பது வெளியே தெரிந்துவிட்டால் போதும். "லேப்டாப் ஆன் ஆகல, என்னன்னு பாரேன்", "அண்ணே, நீலத் திரை வருது" என்று நண்பர்களிடமிருந்து குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும்.

உதவ வேண்டும் என்ற மனம் நல்லது. ஆனால் அவசரத்தில் செய்யும் ஒரு 'ஃபார்மேட்' நண்பரின் பத்தாண்டுக் குடும்பப் படங்களை ஒரேயடியாக அழித்துவிடலாம். கணினியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கலாம். படங்களை வாங்க முடியாது.

வீட்டிலேயே கணினியைக் கழற்றி மாட்டும் ஆர்வமுள்ளவரா நீங்கள்? மற்றவருக்கு உதவும்போது எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது? பார்ப்போம்.

சுருக்கமாக:

• முதலில் தரவைக் காப்பாற்றுங்கள். பழுதை அப்புறம் பார்க்கலாம்.
• கருவியைத் தொடுவதற்குமுன் கேள்வி கேளுங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே.
• மின்விநியோகப் பெட்டி, வீங்கிய பேட்டரி இரண்டையும் திறக்கவோ துளைக்கவோ கூடாது.

ஏன் இப்போது அதிகமானோர் உதவி கேட்கிறார்கள்?

ஒரு காரணம், விண்டோஸ் 10. 2015 ஜூலை 29ஆம் தேதி வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. கணினி தொடர்ந்து இயங்கும். ஆனால் இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக வந்துகொண்டிருக்காது.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை வேண்டும். செயலி பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும்.

அதனால்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளை வைத்திருப்போர், "இதைத் தூக்கிப் போடணுமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கீழே வருவோம். அதற்குமுன் எல்லாப் பழுதுக்கும் பொதுவான சில விதிகள்.

முதல் விதி: தரவு

நண்பரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இந்தக் கணினியில் வேறெங்கும் இல்லாத கோப்புகள் ஏதாவது இருக்கா?" என்பதுதான்.

"இருக்கு" என்று பதில் வந்தால், அவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கும்வரை இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் பேச்சே எடுக்கக்கூடாது. விண்டோஸ் தொடங்காவிட்டாலும் நகலெடுக்க வழி உண்டு. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை யூஎஸ்பி விரலியில் ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல் அந்த விரலியிலிருந்தே இயக்கலாம். சேமிப்பு வட்டு நலமாகவும் பூட்டப்படாமலும் இருந்தால், கோப்புகளைத் திறந்து வெளி வட்டுக்கு மாற்றிவிடலாம்.

மூன்று சூழல்களில் கூடுதல் கவனம் தேவை:

• பழைய சுழலும் வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறதா? உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே இயந்திரப் பாகம் பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மிச்சமிருப்பதும் சேதமடையலாம். கோப்புகள் முக்கியம் என்றால், அது தரவு மீட்பு நிபுணரின் வேலை.

• எஸ்எஸ்டி வட்டில் தவறுதலாகக் கோப்பை அழித்துவிட்டார்களா? அழித்த இடத்தை எஸ்எஸ்டி பின்னணியில் தானாகவே துடைத்துவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். பழைய வன்தட்டில் அழித்ததை மீட்டதுபோல் இதில் மீட்கலாம் என்று நம்பிவிடக்கூடாது.

• வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா? பல விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. பயாஸைப் புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ, அடுத்த முறை தொடங்கும்போது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது இல்லையென்றால் தரவும் இல்லை.

அந்தக் குறியீடு பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே திருகாணியைக் கழற்றுவதற்குமுன் நண்பரிடம் சொல்லுங்கள்: "முதல்ல உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, மீட்புக் குறியீடு இருக்கான்னு பாருங்க. அதைத் தாள்ல எழுதி வச்சுக்குங்க."

என்னென்ன கேட்கவேண்டும்?

"அண்ணே, பிசி ஹேங் ஆகுது. என்ன செய்ய?"

இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது. 'ஹேங்' என்றால் சுட்டி நகரவில்லையா? திரை கறுப்பாகிவிட்டதா? தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

இப்போது இதைப் பாருங்கள்:

"நானே அசெம்பிள் செய்த பிசி. ரைசன் 5 5600, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. சனிக்கிழமை கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிச்சேன். அன்னையிலிருந்து கேம் தொடங்கி 10 நிமிஷத்துல திரை கறுப்பாகுது. சத்தம் மட்டும் கேக்குது. பிரௌசர்ல எந்தப் பிரச்சினையும் இல்ல."

இதில் பாதி விடையே இருக்கிறது. சத்தம் கேட்கிறது என்றால் கணினி முழுமையாக நின்றுவிடவில்லை. கேம் விளையாடும்போது மட்டும் வருவதால் கிராஃபிக்ஸ் அட்டை, அதன் டிரைவர், அதன் வெப்பம் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். சனிக்கிழமை நடந்த மாற்றம் எங்கே தொடங்குவது என்பதைக் காட்டுகிறது: பழைய டிரைவருக்குத் திரும்பிப் பார்க்கலாம்.

எனவே, எந்தப் பழுதுக்கும் இந்த ஐந்தைக் கேட்டுவிடுங்கள்:

1. சரியாக என்ன நடக்கிறது? திரையில் என்ன எழுத்து வருகிறது? (கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.)
2. எப்போதிலிருந்து? அதற்குமுன் என்ன மாறியது? புதிய பாகம், புதிய செயலி, புதுப்பிப்பு, வீடு மாற்றம், மின்தடை?
3. எப்போதெல்லாம் வருகிறது? எப்போதுமா, சூடானபிறகா, குறிப்பிட்ட செயலியிலா?
4. என்ன மாடல்? என்னென்ன பாகங்கள்? எந்த இயங்குதளம்?
5. இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்?

ஐந்தாவது கேள்வியை மென்மையாகக் கேளுங்கள். தவறாக எதையாவது செய்துவிட்டோமோ என்ற கூச்சத்தில் பலர் அதை மறைப்பார்கள். "யார் செஞ்சாலும் நடக்கறதுதான், பரவாயில்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் உண்மை வெளியே வந்துவிடும்.

வன்பொருளா, இயங்குதளமா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சில எளிய சோதனைகள் உதவும்.

முதலில் 'ரீஸ்டார்ட்'. 'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்குவதும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இயக்கத்தில் இருந்தால், 'ஷட் டவுன்' செய்யும்போது இயங்குதளத்தின் மையப் பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே எழுப்பப்படும். டிரைவர் கோளாறும் கூடவே எழுந்துவரும். 'ரீஸ்டார்ட்' செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அடுத்து 'சேஃப் மோடு'. அதில் விண்டோஸ் மிகக் குறைந்த டிரைவர்களுடன் இயங்கும். அங்கே பழுது வரவில்லையென்றால், ஏதோ ஒரு டிரைவர் அல்லது பின்னணிச் செயலிமீது சந்தேகம் திரும்பும்.

மூன்றாவது, மேலே சொன்ன லினக்ஸ் விரலி. அதில் இயக்கும்போதும் கணினி உறைந்து நின்றால், விண்டோஸ்மீது பழிபோட முடியாது. வன்பொருளைப் பார்க்கவேண்டியதுதான்.

பொதுவாக வரும் சில அறிகுறிகளும் முதலில் பார்க்கவேண்டியவையும்:

• விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு: திரையின் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கிராஃபிக்ஸ் அட்டையிலா? தனி அட்டை இருந்தால் அதில்தான் செருகவேண்டும். புதிதாக அசெம்பிள் செய்த கணினியாக இருந்தால், செயலிக்கு அருகே மதர்போர்டில் செருகும் தனி மின்கேபிள் விட்டுப்போயிருக்கலாம்.

• டிடிஆர்5 ரேம் போட்ட புதிய கணினி, முதன்முறை தொடங்கும்போது கறுப்புத் திரை: சில நிமிடங்கள் பொறுங்கள். மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பழுது என்று நினைத்து நடுவில் அணைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

• தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போகின்றன: மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சிஆர்2032 வகை, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

• தொடக்கத்தில் வேகம், அரைமணி நேரத்தில் மந்தம்: வெப்பம். தூசி அடைத்த விசிறி, மெத்தைமீது வைத்து இயக்கும் மடிக்கணினி இரண்டும் வழக்கமான காரணங்கள். சூடு ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

• காரணமே இல்லாமல் வெவ்வேறு நீலத் திரைகள்: ரேமைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே நினைவகச் சோதனைக் கருவி உண்டு. மெம்டெஸ்ட்86+ எனும் இலவசக் கருவியை இரவு முழுவதும் ஓடவிட்டால் இன்னும் நம்பகமான விடை கிடைக்கும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கத்தில் இருந்தால், அதை அணைத்துவிட்டும் பாருங்கள். அவை ரேமை அதன் அடிப்படை வேகத்தைவிட வேகமாக ஓட்டுகின்றன.

• கோப்புகளைத் திறக்க வெகுநேரம், நடுவே உறைதல்: வட்டின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசச் செயலிகள் வட்டு தன்னைப் பற்றிப் பதிவு செய்து வைத்திருக்கும் விவரங்களைக் காட்டும். எச்சரிக்கை நிறம் தெரிந்தால் முதல் விதிக்குத் திரும்புங்கள்: நகல் எடுங்கள்.

பிழைச் செய்தி சொல்வதை நம்பலாமா?

அது ஒரு தடயம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அண்மைய இரு சம்பவங்கள் இதைக் காட்டுகின்றன.

2024 ஜூலை 19ஆம் தேதி உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்யவேண்டியிருந்தது. அந்தக் கணினிகளின் பாகங்களில் எந்தப் பழுதும் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான புதுப்பிப்பே காரணம். 'சேஃப் மோடில்' நுழைந்து ஒரேயொரு கோப்பை அழித்தால் கணினி மீண்டும் இயங்கியது. ஆனால் வட்டு மறையாக்கம் செய்யப்பட்ட கணினிகளில் அந்தக் கோப்பை எட்டுவதற்கே மீட்புக் குறியீடு தேவைப்பட்டது. குறியீட்டை எங்கே வைத்தோம் என்று தெரியாதவர்கள் திண்டாடினார்கள்.

இரண்டாவது, அதே ஆண்டு இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் வெளிப்பட்ட கோளாறு. கேம்கள் திடீரென நின்றன. சிலருக்கு வந்த செய்தி, கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றது. அதைப் படித்தால் யாரும் கிராஃபிக்ஸ் அட்டையைத்தான் சந்தேகிப்பார்கள். உண்மையில் பழுது செயலியில் இருந்தது. ஒரே மாதிரியான புகார்கள் ஒரே வகைச் செயலி வைத்திருந்தவர்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தது முக்கியத் தடயமாக அமைந்தது. இன்டெல் பிறகு காரணத்தை விளக்கி, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட செயலிகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணினி திடீரென அணைந்தால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் பலர் மின்விநியோகப் பெட்டியை மாற்றச் சொல்லிவிடுவார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. ஏன் அணைந்தது என்று அது சொல்வதில்லை. அதை நம்பி நண்பரை 100, 200 வெள்ளி செலவழிக்க வைத்துவிடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ரேமைக் கழற்றி மாட்டினீர்கள், டிரைவரைப் புதுப்பித்தீர்கள், பயாஸையும் மாற்றினீர்கள். பழுது போய்விட்டது. எது காரணம்? தெரியாது. அடுத்த வாரம் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஆகவே ஒன்றை மாற்றுங்கள், சோதியுங்கள், எழுதி வையுங்கள். பலன் இல்லையா? பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கணினி தொடங்கவே இல்லை என்றால், தேவையற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மதர்போர்டு, செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், மின்விநியோகப் பெட்டி, படம் காட்ட ஒரு வழி. இவை போதும். இந்த நிலையில் தொடங்கினால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். பல மதர்போர்டுகளில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கில் நின்றுவிடுகிறது என்பதும் நல்ல குறிப்பு.

விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு என்ன சொல்லலாம்?

உடனே "புதுசு வாங்குங்க" என்று சொல்லத் தேவையில்லை. நான்கு வழிகள் உள்ளன.

ஒன்று, உண்மையிலேயே விண்டோஸ் 11க்குத் தகுதியில்லையா என்று உறுதிப்படுத்துங்கள். சொந்தமாக அசெம்பிள் செய்த கணினிகளில் டிபிஎம் வசதி இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் மதர்போர்டுகளில் அது பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் குறிக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே சில கணினிகள் தேறிவிடும்.

இரண்டு, கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம். தனிநபர் பயனீட்டாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்கும் திட்டமாக மைக்ரோசாஃப்ட் இதை அறிவித்தது. கட்டணம் 30 அமெரிக்க டாலர். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்துச் சேமித்தால் கட்டணமில்லை. இது அவகாசம் மட்டுமே, நிரந்தரத் தீர்வாகாது.

மூன்று, லினக்ஸ். இணையம், மின்னஞ்சல், காணொளி, ஆவணம் எழுதுவது மட்டும் என்றால் பழைய கணினிக்கு அது புத்துயிர் தரும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். ஆனால் நண்பர் என்னென்ன பயன்படுத்துகிறார் என்று முதலில் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் மேசைக்கணினிப் பதிப்பு லினக்ஸில் நேரடியாக ஓடாது. வேலோரன்ட் போன்ற சில இணைய விளையாட்டுகளும் ஓடாது. விரலியிலிருந்து ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு முடிவெடுக்க விடுங்கள்.

நான்கு, மாற்றுவது. மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை என்றால் புதிய கணினிதான்.

தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகளும் உலவுகின்றன. அப்படி நிறுவப்பட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் சொந்தக் கணினியில் செய்வது உங்கள் விருப்பம். நண்பருடைய அம்மாவின் கணினியில் செய்துவிட்டுப் போய்விட்டால், அடுத்த பிரச்சினைக்கு அவர் யாரிடம் போவார்?

எதைத் தொடக்கூடாது?

• மின்விநியோகப் பெட்டியைத் திறக்காதீர்கள். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கம்பியைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் ஆபத்தான அளவு மின்னேற்றம் தங்கியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் முழுப் பெட்டியையும் மாற்றுங்கள்.

• மடிக்கணினி பேட்டரி வீங்கியிருந்தால் மின்னேற்றம் செய்யாதீர்கள். அழுத்தவோ துளைக்கவோ கூடாது, தீப்பிடிக்கலாம். வீட்டுக் குப்பையிலும் போடவேண்டாம். சேவை மையத்திடம் சொல்லி ஒப்படைக்கச் செய்யுங்கள்.

• உத்தரவாதம் இருக்கும் கணினியைத் திறக்காதீர்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். நீங்கள் திருகாணியைக் கழற்றினால் நண்பரின் வாதம் பலவீனமாகலாம்.

• நண்பரின் மறைச்சொல்லைக் கேட்காதீர்கள். தேவைப்படும்போது அவரே தட்டச்சு செய்யட்டும். அவருடைய படங்களையும் செய்திகளையும் திறந்து பார்ப்பது உங்கள் வேலை இல்லை.

• தொலைவிலிருந்து கணினியை இயக்கி உதவுகிறீர்களா? இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்யுங்கள். வங்கிப் பக்கங்களை மூடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்தச் செயலியை நீக்கச் சொல்லுங்கள். தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் வரும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே வகைச் செயலிகளைத்தான். "தெரியாதவங்க கூப்பிட்டு இதை இறக்கச் சொன்னா, போனை வச்சிருங்க" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் சந்தேகம் வந்தால் 1799 எனும் ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைக்கலாம்.

இப்படி உதவிக்கொள்வது புதிய பழக்கமா?

இல்லை. தனிநபர் கணினியின் வரலாற்றிலேயே இது இருக்கிறது.

1975 மார்ச் 5ஆம் தேதி அமெரிக்காவின் மென்லோ பார்க் நகரில் ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் அங்கே பிறந்தது. ஸ்டீவ் வோஸ்னியாக் தாம் வடிவமைத்த ஆப்பிள் 1 கணினியின் மின்சுற்று வரைபடத்தை அந்த உறுப்பினர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். 1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி பின்லந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாகச் சொல்லி மற்றவர்களின் கருத்தைக் கேட்டார். அதுதான் லினக்ஸ்.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைமூலம் உலகப் புகழ்பெற்றது கிரியேட்டிவ் டெக்னாலஜி. சிம் வோங் ஹூ 1981இல் அதைத் தொடங்கியபோது, அது சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் இருந்த ஒரு கணினிப் பழுதுபார்க்கும் கடை.

2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோதும் அந்தத் திறன் கைகொடுத்தது. எஞ்சினியரிங் குட் அமைப்பின் தொண்டூழியர்கள், நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். வட்டைத் துடைத்து, ரேமைச் சேர்த்து, இயங்குதளத்தை நிறுவத் தெரிந்தவர்களின் வேலை அது. அதனால் பல பிள்ளைகளால் வகுப்பில் சேர முடிந்தது.

உங்களால் முடியாவிட்டால் எங்கே அனுப்பலாம்?

"இது என்னால முடியாது" என்று நேரத்தோடு சொல்வதும் உதவிதான்.

• கைத்தொலைபேசி, செயலிகள், இணையப் பாதுகாப்பு போன்ற அடிப்படைகளில் தடுமாறும் மூத்தோரை, தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் மின்னிலக்கத் தூதர்களிடம் அனுப்பலாம். பாகங்களைப் பழுதுபார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

• 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோபித்தியாமில் தொண்டூழியர்கள், பொருளைக் கொண்டுவருவோரை அருகில் அமரவைத்துப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். அடுத்த நிகழ்ச்சி எப்போது, எங்கே, என்னென்ன பொருள்களைப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

• கட்டணச் சேவைக்குப் போவதென்றால், பார்ப்பதற்கே எவ்வளவு, பழுதை நீக்க எவ்வளவு, கோப்புகள் அழியுமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

• இனி பயன்படாது என்று முடிவானால், வட்டில் உள்ளதை முறையாக அழித்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் சேர்க்கலாம். 2021 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் மின்கழிவைச் சேகரிப்பதில் உற்பத்தியாளர்களுக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு. கடைத்தொகுதிகளிலும் பெரிய மின்னியல் கடைகளிலும் தொட்டிகளைப் பார்க்கலாம். நல்ல ரேம், எஸ்எஸ்டி இருந்தால் கழற்றி வையுங்கள். இன்னொருவருக்கு ஆகும்.

பழுது தீர்ந்த பிறகு?

இரண்டு வேலைகள் பாக்கி.

நண்பருடன் உட்கார்ந்து ஒரு பேக்கப் ஏற்பாடு செய்துவிட்டு எழுந்திருங்கள். வெளி வட்டில் ஒரு நகல், வீட்டுக்கு வெளியே அல்லது இணையச் சேமிப்பில் இன்னொன்று. பேக்கப் எடுத்ததோடு நிற்காமல், அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

அடுத்து, எது காரணம், எப்படிச் சரியானது என்று நான்கு வரியில் எழுதி நண்பருக்கு அனுப்புங்கள். முதலில் அவர் உங்களைக் கேட்ட குழுவிலும் போடுங்கள். "சரியாயிருச்சு, நன்றி" என்று மட்டும் முடிந்துபோகும் உரையாடலால் அடுத்தவருக்குப் பயனில்லை. "ரேம் இரண்டாவது துளையில் சரியாக உட்காரவில்லை, கழற்றி மாட்டியதும் போய்விட்டது" என்று எழுதினால், அதே பழுதோடு அடுத்த மாதம் வருபவர் உங்களை அழைக்காமலே சமாளித்துக்கொள்வார்.